குரக்கன் கஞ்சியும் குடல் ஒட்டும்

எங்கட வடமராட்சியில் 'ஒப்பரேசன்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கு. வயசானவர்களிடம் சொன்னால் முதலில் 1987 மே மாதம்தான் ஞாபகத்துக்கு வரும். 'ஒப்பரேசன் லிபரேசன்' என்று பெயர் வைச்சு ஆமி வடமராட்சிக்குள் இறங்கிய மாதம். எங்கட பெரியப்பாவுக்கு வயித்தில் ஷெல் துண்டு பட்டதும் அப்பதான். நெஞ்சுக்குக் கீழே தொடங்கித் தொப்புளைத் தாண்டி இறங்கும் தழும்பு அவருக்கு. வெய்யில் காலத்தில் சேட்டில்லாமல் திண்ணையில் இருந்து, வாறவை போறவைக்கெல்லாம் அதைக் காட்டிக் கதை சொல்லுவார்.

அதே மாதிரித் தழும்பொன்று எங்கட சின்னம்மாவுக்கும் இருக்கு. அக்கா தங்கச்சி நாங்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் ஒருத்தரும் அதைக் கண்டதில்லை.

2017இல் சின்னம்மா 118 கிலோ. சீனி வருத்தம், முழங்கால் நோ, படி ஏறினால் மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையள் வைச்ச பட்டம் 'குண்டு ரீச்சர்'. கனடா மாமா காசு அனுப்ப, "சிதம்பரம் போட்டு வாறன்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு சென்னைக்குப் போனா. அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கஸ்ட்ரிக் பைபாஸ் செய்தவை. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவு பையை மட்டும் விட்டு, மிச்சத்தை ஒதுக்கி, சிறுகுடலை வெட்டி அந்தச் சின்னப் பையோடு நேரடியாகத் தைக்கிற வேலை. துளை போட்டுச் செய்வதால் ஐந்து சின்னத் தழும்புதான் வரும் என்றவை. ஆனால் தைச்ச இடம் கசிஞ்சு, மூன்றாம் நாள் வயித்தைத் திறந்து கழுவ வேண்டி வந்தது. ஒரு மாதம் கழிச்சு வீட்டுக்கு வந்தா. மறக்காமல் விபூதிப் பிரசாதமும் கொண்டு வந்தா.

ஒரு வருசத்தில் 45 கிலோ குறைஞ்சுது. சீனி வருத்தத்துக்குக் குளிசையும் நிண்டது. எங்கட ஊர்த் தட்டை வடையில் ஒன்றைக் கடிச்சாலே வயிறு நிரம்பிவிடும். "என்ன ரீச்சர் செய்தனீங்கள்?" என்று சந்தையில் ஆக்கள் மறிச்சுக் கேட்டால், "குரக்கன் கஞ்சி, விடிய நடை" என்பா. எங்கட ஒழுங்கையில் நாலு வீட்டில் குரக்கன் கஞ்சி அடுப்பேறியது. நாங்கள் அறைக்குள் போய்ச் சிரிச்சோம். அப்ப அது பகிடி.

ஏன் மறைச்சா என்று எங்களுக்கு அப்பவே விளங்கினது. பட்டினி கிடந்து மெலிஞ்சால் ஊர் மெச்சும். வெட்டி மெலிஞ்சால், "வாயைக் கட்டத் தெரியாமல் காசு குடுத்து வெட்டினவ" என்று சொல்லும். 2024 ஏப்ரலில், புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசுப் பெடியன் சென்னையில் இப்படியொரு உடல் எடைச் சிகிச்சையின்போது இறந்தான் என்ற செய்தி போனது. பக்கத்து வீட்டு அன்ரி "உதெல்லாம் கொழுப்பெடுத்த வேலை" என்றா. சின்னம்மா ஒண்டும் பேசாமல் எழும்பி டிவியை நிப்பாட்டினா.

பிறகு நோ தொடங்கியது. சாப்பிட்ட பிறகு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு இருப்பா, ஒரு மணித்தியாலத்தில் போயிடும். 'காஸ்' என்று ஒரு வருசம் பாமசிக் குளிசையில் ஓட்டினா. முழங்காலுக்கு டைக்ளோபெனாக்கும் போட்டா. பைபாஸ் செய்தவை அந்தக் குளிசையைத் தொடக்கூடாது, தைச்ச இடத்தில் புண் வரும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிஞ்சது. அவவின் சென்னைக் காட்டைப் பார்த்திருந்தால் பாமசிக்காரரே சொல்லியிருப்பார். காட்டு அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் கிடந்தது.

ஒரு இரவு நோ போகவே இல்லை. சத்தியும் தொடங்க, மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏத்திக்கொண்டு போனோம். டொக்டர் தழும்பைப் பார்த்து, "அம்மா, முந்தி என்ன ஒப்பரேசன் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"குடல்வளரி வெடிச்சது" என்றா சின்னம்மா.

அவர் எழுதினார். குடல் அடைச்சிருக்கு போல, மூக்கால ரியூப் விட்டு வயித்தைக் காலி செய்வோம் என்றார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். சின்னம்மா எங்களைப் பார்த்தா. சொல்லாதையுங்கோ என்ற பார்வை. ரியூப் போகப்போற இடத்தில் வழமையான இரைப்பை இல்லை, முட்டை அளவு பை ஒன்றுதான் இருக்கு என்று அந்த அறையில் தெரிஞ்சவை நாங்கள் மூன்று பேர்தான்.

நாங்கள் சொல்லிவிட்டோம்.

டொக்டர் கோபப்படவில்லை. கையிலிருந்த ரியூப்பை வைச்சிட்டு, பெரிய டொக்டருக்குப் போன் எடுத்தார். சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தா. இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

அடைப்பு அந்த முறை தானாக விட்டது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் சீ.ரி. ஸ்கான் எடுத்தவை. சேர்ஜன் ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். வயித்துக்குள் காயம் பட்டால் உடம்பு அதை ஆத்துவதற்காக ஒரு பசையை விடும். சில வேளை அது நாராக மாறி, குடலைக் குடலோடும் வயித்துச் சுவரோடும் ஒட்டிவிடும். வயித்தைத் திறந்து செய்த ஒப்பரேசனுக்குப் பிறகு பெரும்பாலான ஆக்களுக்கு இந்த ஒட்டு கொஞ்சமாவது இருக்கும். கனபேருக்கு ஒரு கரைச்சலும் தராது. சிலருக்குக் குடலை மடக்கிப் பிடிக்கும். பைபாஸ் செய்தவைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குடலை இடம் மாத்தித் தைக்கும்போது இடைவெளிகள் உண்டாகும். கொழுப்புக் கரைய அவை பெரிசாகி, குடல் அதுக்குள்ளே நுழைஞ்சு முறுக்கலாம். முறுக்கினால் இரத்தம் போகாது. பிறகு கணக்கு மணித்தியாலங்களில்தான்.

இதில் எது என்று திறந்து பார்த்தால்தான் முழுசாத் தெரியும், ஒட்டு ஸ்கானில் நேரே தெரியாது என்றார். முதலில் துளை போட்டுப் பார்ப்பினம். ஒட்டு கனக்க இருந்தால் பழைய தழும்பிலேயே திறப்பினம். இரண்டு மணித்தியாலத்திலும் முடியலாம், ஐந்தும் போகலாம். பிரிக்கும்போது குடல் கிழிஞ்சால் தைப்பினம், பழுதானால் அந்தத் துண்டை எடுப்பினம். எல்லாத்தையும் பிரிச்ச பிறகும் ஒட்டு திரும்ப வரலாம்.

அண்டைக்குத்தான் சின்னம்மா வாய் திறந்தா. "பனாட்டுத் தட்டு ஒண்டோட ஒண்டு ஒட்டினா உரிக்கேக்க கிழியுமே, அப்பிடியோ டொக்டர்?" அவர் சிரிச்சு, "அப்பிடித்தான். அதாலதான் மெல்ல உரிக்கோணும்" என்றார்.

அடுத்த புதன்கிழமை ஒப்பரேசன். இரத்தத்தில் இரும்புச்சத்தும் பி12உம் குறைவு, அதை முதலில் ஏத்துகினம்.

பெரியப்பாவுக்கு நாங்கள்தான் சொன்னோம். ஏசுவார் என்று நினைச்சோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனார். முற்றத்தில் நிண்டபடி சேட்டைத் தூக்கினார். "இஞ்ச பார் தங்கச்சி. ஷெல்லுக்கு வெட்டினது ஒருக்கா. குடல் ஒட்டிப்போச்செண்டு 2008ல திரும்பவும் இதிலதான் வெட்டினவை. பாதையும் பூட்டு, எம்எஸ்எஃப் வெள்ளைக்காரர் மந்திகையில நிண்ட காலம். இருபத்தொரு வருசம் சும்மா கிடந்திட்டுப் பிடிச்சது. உள்ளுக்க ஒட்டுறதுக்கு ஷெல்லும் ஒண்டுதான், கத்தியும் ஒண்டுதான்."

எத்தனையோ தரம் கேட்ட கதை. இரண்டாம் வெட்டை மட்டும் அவர் அதுவரை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அதில் வீரம் இல்லை என்று நினைச்சிருப்பார் போல.

சின்னம்மா எங்களை மன்னிச்சிட்டாவோ தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை. அவவின் இரகசியத்தை உடைக்க எங்களுக்கு உரிமை இருந்ததா என்று இப்பவும் இரவில் கதைப்போம். இருந்தது என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்போம். பிறகும் நித்திரை வராது.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கட வீட்டிலும் இப்படியொரு சிதம்பரப் பயணம் இருக்கலாம். ஊருக்கு என்ன பொய்யும் சொல்லுங்கோ. டொக்டருக்குச் சொல்லாதையுங்கோ. காட்டைச் சீலைக்கு அடியில் வைக்காதையுங்கோ.

நேற்று சின்னம்மாவின் கைப்பையில் தேசிய அடையாள அட்டையோடு ஒரு சின்னத் தாள் இருந்தது. அவவின் உருண்டையான ரீச்சர் எழுத்து: 'கஸ்ட்ரிக் பைபாஸ், 2017. கசிவு, வயிறு திறந்தது. மூக்கால் ரியூப் விட முன் சேர்ஜனைக் கேட்கவும்.' கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.