ஓலை சும்மாதானே?

2022 ஆவணி. நல்லூர்த் தேருக்கு இன்னும் மூன்று நாள். கோயிலடி வீதிகளில் வாகனங்களை மறித்து மணல் பரப்பியிருக்கிறார்கள். வீட்டார் உள்ளே போய்விட்டார்கள். அவர்களின் செருப்புகளுக்கு நான் காவல்.

எதிரே, கச்சான் கடைகளுக்கு அப்பால், மதிலோடு ஒட்டி உரப்பையை விரித்து ஒரு அம்மா இருக்கிறார். பின்வரிசையில் கடகம், சுளகு, ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கிய நீத்துப்பெட்டிகள். முன்வரிசையில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாய்ச் சாயமிட்ட சின்ன மூடுபெட்டிகள். ஊர்ச்சனத்துக்கானது பின்னால், வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்களுக்கானது முன்னால். சவர்க்காரப் பெட்டி மட்டையில் விலை எழுதியிருக்கிறது. 250ஐ வெட்டி 350. அதையும் வெட்டி 400.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவர் கை நிற்பதில்லை. மடியில் பாதி இழைத்த பெட்டி. பக்கத்தில், ஈரத்துணியில் சுற்றி வைத்த வார்ந்த சார்வோலை. ஒன்றை உருவி, நகத்தால் நீவி, மேலும் கீழுமாய் ஓட்டுகிறார். கண் கோயில் வாசலில் இருக்கிறது. விரலுக்குத் தன் வழி தெரியும்.

பட்டுச்சேலையும் கைத்தொலைபேசியுமாய் ஒருவர் குனிகிறார்.

"அம்மா, இது என்ன விலை?"

"நானூறு, பிள்ளை."

"நானூறோ? போனமுறை வரேக்க இருநூற்றைம்பதுக்கெல்லோ வாங்கினனான்."

"அது கொரோனாவுக்கு முந்தியாயிருக்கும், பிள்ளை."

"எண்டாலும் அம்மா... ஓலை சும்மாதானே? வளவுக்குள்ள மரம் நிக்குது."

கை நிற்கிறது.

"ஏறி வெட்டுறவனுக்குக் குடுக்கோணும். சாயம் கைவைக்கேலாத விலை. பஸ் காசு ரெண்டு மடங்காப் போச்சு. கரண்ட் போனால் விளக்கிலதான் இழைக்கிறது. மண்ணெண்ணெயும் நேற்று ராத்திரியோட 87இலயிருந்து 340."

வந்தவர் தலையாட்டுகிறார். அம்மா சொன்ன கணக்கில் ஓலை வெட்டினவன், சாயக்கடைக்காரன், பஸ்காரன், அரசாங்கம் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை இரவு என்பதை அவர் சொல்லவில்லை. வந்தவரும் கேட்கவில்லை.

எனக்கு வேறொரு கணக்கு ஓடுகிறது. மாசியில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. 250 ரூபாய்ப் பெட்டிக்கு ஒன்றேகால் டொலர். இப்போது டொலர் 360. 400 ரூபாய் என்பது ஒரு டொலரும் சில சதமும். மட்டையில் இரண்டு தரம் ஏறிய விலை, டொலரில் இறங்கித்தான் இருக்கிறது.

"மூண்டு எடுக்கிறன். ஆயிரமாத் தாறன்."

அம்மா கொஞ்சநேரம் பெட்டிகளைப் பார்க்கிறார். பிறகு மூன்றையும் துடைத்து நீட்டுகிறார். ஆயிரம் ரூபாய்த் தாள் சேலைத்தலைப்பில் முடிச்சாகிறது.

அவர் போன கையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு இன்னொருத்தி வருகிறாள்.

"நீத்துப்பெட்டி ஒண்டு தாங்கோ, அம்மா. காஸ் இல்லை. விறகில வைச்சு அடி கருகிப்போச்சு."

"எத்தினை பேர் வீட்டில?"

"ஐஞ்சு."

அம்மா அடுக்கைக் கலைத்துப் பெரிதாக ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். இதற்கு மட்டையில் விலை இல்லை.

"நூறு தா."

பத்தும் இருபதுமாய் எண்ணிக் கொடுக்கிறாள். அம்மா திருப்பி எண்ணவில்லை.

உள்ளே மணி கேட்கிறது. அம்மா பையிலிருந்து வேறு மூன்று பெட்டிகளை எடுத்து முன்வரிசையின் இடைவெளியை நிரப்புகிறார். ஒன்றும் விற்காத கடைபோல் இருக்கிறது.

மறுபடி மடியிலிருந்ததை எடுக்கிறார். பேச்சுக்காகக் கை நின்ற இடத்தில் ஓலை காய்ந்துவிட்டது. போத்தல் தண்ணீரைத் தெளித்து மடித்துப் பார்க்கிறார். முறிகிறது. அந்த ஓலையை உருவி ஓரமாய்ப் போட்டுவிட்டு, ஈரத்துணிக்குள் கையை விடுகிறார்.