பன்னிரண்டு நாள் பாக்கி: ஃப்ரெஷ் சீஸ் இறக்குமதியின் கதை

சீஸ் என்றதும் பெரும்பாலான வீடுகளில் நினைவுக்கு வருவது ஃப்ரிட்ஜில் மாதக்கணக்காகக் கிடக்கும் அந்த மஞ்சள் கட்டிதான். அது பதப்படுத்தப்பட்ட சீஸ். அதனோடு யாருக்கும் சண்டை இல்லை. இந்தக் கட்டுரை அதன் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன தம்பியைப் பற்றியது. அதாவது தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை மொஸரெல்லா, உள்ளே க்ரீம் வைத்த புர்ராட்டா போன்ற ஃப்ரெஷ் சீஸ்கள். (நம்ம ஊர் பன்னீரும் தூரத்துச் சொந்தம்தான்.)

இவற்றை உறைய வைத்தால் பதம் போய்விடும், வெளியே வைத்தால் உயிரே போய்விடும். செய்த நாளிலிருந்து கடைசி வரை நாலு டிகிரியை ஒட்டிய குளிரிலேயே இருக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஆயுள் சில வாரங்கள்தான்.

இதை இத்தாலியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்து விற்றால் என்ன ஆகும்? ஒரு சின்ன இறக்குமதியாளர் தன் சேமிப்பைப் போட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடை, விமானம். செடார் மாதிரி கெட்டி சீஸ் குளிர்பதனக் கன்டெய்னரில் ஏறி, கப்பலில் நிதானமாக வரும். மொஸரெல்லாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உருண்டையோடு அது மிதக்கும் தண்ணீரும் சேர்ந்து பறக்கிறது. சரக்குக் கட்டணம் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான்!

இரண்டாவது தடை, ரென்னெட். பாலைத் திரிய வைக்கும் இந்தப் பொருள் பாரம்பரியமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இந்திய உணவுத் தர விதிகளின்படி, சீஸ் விலங்கு சாராத ரென்னெட் அல்லது வேறு பொருத்தமான பொருளால் திரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற 'மொஸரெல்லா டி புஃபாலா கம்பானா' என்ற எருமைப்பால் சீஸுக்கு இத்தாலியில் தனி இலக்கணமே உண்டு. கன்று ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும் என்கிறது அது. அங்கே கட்டாயமாக இருப்பது இங்கே ஆகாது. ஆக, நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்து தரும் வேறு பண்ணையைத் தேட வேண்டும். அதோடு பால் பொருட்களுக்கு மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

மூன்றாவது தடைதான் சுவாரஸ்யமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 இறக்குமதி விதிகள் என்ன சொல்கின்றன? இறக்குமதியின்போது பொருளின் ஆயுளில் 60 சதவீதமாவது மிச்சம் இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு மூன்று மாதமாவது இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது போதும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காலாவதியாகப் போகும் சரக்கை இந்தியாவில் கொண்டுவந்து கொட்டாமல் தடுக்கிறது அல்லவா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருட ஆயுள் உள்ள சீஸுக்கு மூன்று மாதம் மிச்சமிருந்தால் போதும். அதாவது ஒன்பது மாதத்தை வழியிலேயே கழிக்கலாம். முப்பது நாள் மொஸரெல்லாவுக்கு 60 சதவீதம் என்றால் பதினெட்டு நாள். வழியில் கழிக்கக் கிடைப்பது பன்னிரண்டே நாள்! அவசரம் இல்லாதவனுக்கு அவகாசமும் அதிகம், அவசரக்காரனுக்கு அதுவும் கிடையாது.

பன்னிரண்டு நாளுக்குள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்தால் (எல்லாச் சரக்குக்கும் எடுப்பதில்லை) அறிக்கை தர ஐந்து நாள் அவகாசம் உண்டு. ஏழு நாளுக்கும் குறைவான ஆயுள் உள்ள பொருளுக்கு அறிக்கைக்குக் காத்திருக்காமல் தற்காலிக அனுமதி தர வழி இருக்கிறது. முப்பது நாள் சீஸுக்கு அந்தச் சலுகை இல்லை. பதினெட்டில் ஐந்து போனால் பதிமூன்று. ஹோட்டல் செஃப் கையில் கொடுக்கும்போது அவருக்கு ஒரு வாரமாவது வேண்டாமா? விற்கக் கிடைப்பது ஆறு நாள்.

இனி பணம். சுங்க வரி 30 சதவீதம் என்றே வைப்போம். அதன் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. விமான நிலையத்தில் 1000 ரூபாய் மதிப்புள்ள ஒரு கிலோ 1330 ஆகிறது. (ஜி.எஸ்.டி.யும் உண்டு. 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 ஆனது. அதை வியாபாரி வரவு எடுத்துக்கொள்ளலாம்.) பத்து கிலோவில் இரண்டு கிலோ விற்காமல் கெட்டால் மிச்ச எட்டு கிலோ ஒவ்வொன்றின் அடக்கமும் 1662 ரூபாய் 50 காசு. வரி ஏற்றியதைவிடக் கெட்டுப்போனது கொஞ்சமும் குறையாமல் ஏற்றியிருக்கிறது! பி.காம். புத்தகத்தில் 'முதலில் வந்தது முதலில் போகும்' என்று சரக்கிருப்புக்கு ஒரு முறை படிக்கிறோமே, இங்கே அது மதிப்பீட்டு முறை இல்லை, உயிர் பிழைக்கும் முறை.

அப்படியானால் வரியை எடுத்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. 1998 முதல் உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்வது இந்தியா. அந்தப் பாலின் பின்னால் இருப்பது இரண்டு மாடு, மூன்று எருமை வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள். 2019-இல் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியதற்கு நியூசிலாந்துப் பாலைப் பற்றிய பயமும் ஒரு முக்கியக் காரணம். 2022-இல் கையெழுத்தான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்திலும் பால் பொருட்களுக்குச் சலுகை தரப்படவில்லை. பால் பவுடர் வெள்ளமாக வந்தால் அடிபடுவது ஆரணியில் பால் ஊற்றும் அம்மாவின் பத்து நாள் பட்டுவாடா. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் விமானத்தில் வரும் புர்ராட்டா அந்த அம்மாவுக்குப் போட்டியே இல்லை. வரி அப்படியே இருக்கட்டும். குறுகிய ஆயுள் பொருளுக்கு ஆய்வக அறிக்கையை இரண்டு நாளில் கொடுத்தால் விவசாயிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, இறக்குமதியாளருக்கு விற்பனை நாள் பாதிக்குப் பாதி கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெங்களூரில் இத்தாலியத் தொடர்புள்ள பெனடிக்டின் துறவிகள் மொஸரெல்லா செய்கிறார்கள். ஆரோவில்லில் 'லா ஃபெர்ம்' பண்ணையும் செய்கிறது. அங்கிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரம். விமானம் இல்லை, சுங்கம் இல்லை, முப்பது நாளும் வியாபாரி கையில்.

எருமைப்பாலுக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் எருமைப்பால் சீஸ் ஐரோப்பாவிலிருந்து பறந்து வர வேண்டியதில்லை. இறக்குமதியாளர் உண்மையில் செய்வது ருசியை அறிமுகப்படுத்துவது. ஒரு ஊருக்கு ருசி பழகியதும் பக்கத்து ஊர்ப் பண்ணை அந்த வியாபாரத்தை எடுத்துக்கொள்ளும். இதில் இறங்க நினைப்பவர் ஃப்ரீஸர் வாங்கும் முன், அந்தப் பண்ணைக்காரரோடு கூட்டுச் சேர முடியுமா என்று ஒருமுறை விசாரிப்பது நல்லது.