அளக்காமல் வாங்கும் உடுப்பு

லீட்ஸ், இங்கிலாந்து

அன்பின் ராத்தா,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். பத்திரிகையில் போடுவதற்குக் காரணம், மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கட பொம்பிளைகள் எல்லாருக்கும் உள்ள சங்கடம் இது. ஒருத்தரும் வாய்விட்டுக் கதைக்கிறதில்லை. ஆம்பிளைகள் வாசித்தால் வாசிக்கட்டும். புடவைக் கடை வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வாசிக்கட்டும்.

பிராவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கல்முனை பஸாருக்கு உம்மாவோடு போன காலத்தை நினைத்துப் பாருங்க. பெருநாள் உடுப்பு எடுக்க என்றால் உம்மா கடையையே புரட்டிப் போடுவா. நிறம் பார்ப்பா, இழை பார்ப்பா, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்ப்பா, கடைக்காரரோடு மல்லுக்கட்டி விலையைப் பாதிக்குக் கொண்டு வருவா. அதே உம்மாவுக்கு, பிரா எடுக்கிற நேரம் வந்தால் குரல் உள்ளே போய்விடும். "தம்பி, அதில ஒண்டு தாங்க." "எத்தின நம்பர்?" "38." மேசைக்குக் கீழே இருந்து ஒரு பெட்டி வரும், பேப்பரில் சுற்றுப்படும், சொப்பிங் பைக்குள் போகும். விரித்துப் பார்க்கிறதும் இல்லை, விலை கேட்கிறதும் இல்லை. உம்மா பேரம் பேசாமல் வாங்கின ஒரே சாமான் அதுதான் என்று நினைக்கிறேன்.

சில வீட்டில் அதுகூட இல்லை. மாப்பிள்ளைதான் வாங்கி வருவார். அவர் நம்பரைக் கேட்டுக்கொண்டு போவார், கடையில் இருக்கிறதைக் கொண்டு வருவார். பிடிக்கவில்லை என்றால் மாற்றவும் ஏலாது.

அந்த 38 எங்கிருந்து வந்தது? ஒருத்தரும் அளந்ததில்லை. கலியாணத்துக்கு முதல் 32, பிள்ளை பிறந்தால் 36, உடம்பு வைத்தால் 38 என்று வயதோடு ஏறுகிற நம்பராகவே நாங்கள் அதை விளங்கி வைத்திருக்கிறோம். உண்மையில் பிராவின் அளவில் இரண்டு விசயம் இருக்கிறது. மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓடுகிற பட்டியின் அளவு ஒன்று. கப்பின் அளவு மற்றது. நம்பர் பட்டிக்கு, எழுத்து கப்புக்கு. ஏ, பீ, சீ, டீ என்று எழுத்துப் போடுகிற வழக்கத்தை 1932இல் அமெரிக்காவின் எஸ். எச். கேம்ப் கம்பனி தொடக்கி வைத்தது. 90 வருடம் தாண்டியும் அந்த எழுத்து எங்கட பக்கத்துப் பெட்டிகள் பலவற்றில் வந்து சேரவில்லை. நம்பர் மட்டும்தான் இருக்கும்.

நம்பர் மட்டும் இருந்தால் நடக்கிறது இதுதான். ஒருத்திக்கு மார்புக்குக் கீழே 34 அங்குலம், மார்பின் திரட்சிக்கு மேலால் 38 என்று வையுங்க. நாலு அங்குல வித்தியாசம், ஆகவே அவவுக்கு வேண்டியது 34 டீ. கடையில் டீ என்ற பேச்சே இல்லை. 34ஐப் போட்டால் பிதுங்கும். 36, 38 என்று ஏறிப் போவா. 38இல் மார்பு அடங்கிவிடும், ஏனென்றால் 38 பீயின் கப்பும் 34 டீயின் கப்பும் ஒரே கொள்ளளவு. ஆனால் பட்டி நாலு அங்குலம் தளர்ந்து கிடக்கும். பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டி. அது தளர்ந்து முதுகுப் பக்கம் மேலே ஏறினால் முழுப் பாரமும் தோள்வாருக்கு வரும். அவ வாரை இன்னும் இழுத்து இறுக்குவா. தோளில் பள்ளம் விழும், கழுத்து நோகும், தலையிடிக்கும். "தையல் மெசினில குந்தி இருக்கிறதால வாற நோவு" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பா. ராத்தா, இது யாருடைய கதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் இருக்கிற லீட்ஸின் சந்தையில்தான் 1884இல் மைக்கேல் மார்க்ஸ் என்ற குடியேறி ஒரு பென்னிக் கடை போட்டார். அதுதான் பிறகு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஆனது. 1926இல் இருந்து அவர்கள் பிரா விற்கிறார்கள். போன வருசம் இங்கே வந்து சேர்ந்த சம்மாந்துறைப் பிள்ளை ஒருத்தியை அங்கு கூட்டிக்கொண்டு போனேன். அபாயாவோடு போன பிள்ளைக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கழுத்தில் டேப் தொங்கவிட்ட நடுத்தர வயது மனுசி ஒருத்தி திரைக்குள் கூட்டிப் போனா, அளந்தா, நாலைந்து கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னா. கையை உயர்த்து, குனி, நிமிர் என்று தொழுகை பழக்குகிற மாதிரித்தான். வெளியே வந்த பிள்ளையின் கையில் இருந்த பிராவின் லேபலைத் திருப்பிப் பார்த்தேன். 'மேட் இன் ஸ்ரீலங்கா'. அவள் சிரித்த சிரிப்பில் அளந்த மனுசியும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தா.

சிரிப்பு அடங்கின பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. உலகத்துப் பெண்களுக்கு பிரா தைத்துக் கொடுக்கிற நாடு எங்கட நாடு. கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். 1987இல் அமலீன் சகோதரர்கள் மூன்று பேர் தொடங்கின மாஸ் கம்பனி பெரும்பெரும் வெளிநாட்டுப் பெயர்களுக்கெல்லாம் உள்ளாடை தைக்கிறது. துல்ஹிரியவில் 2008இல் அவர்கள் திறந்த 'துருலிய' தொழிற்சாலை, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு பிரா தைப்பதற்கென்றே சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் கட்டப்பட்டது. ஒரு பிராவுக்கு 20க்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டித் தைக்க வேண்டும். அளவு பிசகினால் கழித்துவிடுவார்கள். அவ்வளவு நுணுக்கமாகத் தைக்கிற கை எங்கட நாட்டுப் பெண்களின் கை. மாஸ் தன் சொந்தப் பெயரில் 'அமாந்தே' என்ற பிராவை 2007இல் இந்தியாவில் இறக்கியது. 2021இல் அது ரிலையன்ஸின் கைக்குப் போய்விட்டது. உம்மா மட்டும் அதே மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி 38 கேட்டுக்கொண்டிருந்தா.

ஆகவே துணிக்கோ தையலுக்கோ எங்களிடம் பஞ்சமில்லை. அந்த மேசைக்கு அப்பால் நிற்கிறவர்தான் பிரச்சினை. அவர் கெட்ட மனிசர் இல்லை, பாவம், அவருக்கும் வெட்கம்தான். சுனாமிக்குப் பிறகு முகாம்களில் இந்த வெட்கத்தைக் கண்கொண்டு பார்த்தோம். அரிசி வந்தது, பாய் வந்தது, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகூட வந்தது. பெண்களுக்கு உள்ளுடுப்பும் மாதவிலக்குத் துணியும் வேண்டும் என்பது பட்டியல் போட்ட ஆம்பிளைகளுக்குத் தோன்றவில்லை. லொறியில் நின்று சாமான் கொடுத்த பொடியன்களிடம் வாய்திறந்து கேட்க எங்களுக்கும் ஏலவில்லை.

இதை "எங்கட கலாசாரம்" என்று சொல்லி மூடிவிடுகிறவர்களுக்கு சவூதியைக் காட்ட வேண்டும். எங்கட ஊரில் எத்தனை பேர் அங்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தார்கள்! முகம் மூடி வருகிற பெண்ணுக்கு, யாரென்று தெரியாத அந்நிய ஆண் பிரா எடுத்துக் கொடுக்கிற கூத்து அங்கும் நெடுங்காலம் நடந்தது. போட்டுப் பார்க்க அறையும் இருக்கவில்லை. ஜித்தாவில் தாருல் ஹிக்மா கல்லூரியில் நிதித்துறை படிப்பித்த ரீம் அஸ்அத் என்ற பெண், "வெட்கப்பட்டது போதும்" என்று ஒரு இயக்கமே தொடங்கினா. ஆண்கள் விற்கிற கடையைப் புறக்கணியுங்கள் என்றா. தொழில் அமைச்சு அதற்கு முன்னமே கட்டளை போட்டிருந்தும் அது கடதாசியில்தான் கிடந்தது. 2011இல் மன்னர் அப்துல்லா ஆணையிட்டார். பெண்கள் கடையில் வேலை செய்வதா என்று நாட்டின் பெரிய முஃப்தியே எதிர்த்தார். என்றாலும் 2012 ஜனவரியில் உள்ளாடைக் கடைகளில் இருந்து ஆண் விற்பனையாளர்கள் வெளியேற வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதனால் தொழிலும் கிடைத்தது. ரீமின் வாதத்தில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவ வெட்கம் என்கிற ஹயாவையே கையில் எடுத்தா. வெட்கம்தான் பெரிதென்றால் ஏன் என்னை ஓர் ஆணிடம் அளவு சொல்ல வைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும்?

இதன் மறுபக்கமும் உண்டு. 2009 ஒக்டோபரில் சோமாலியாவின் மொகதீசுவில், பிரா போடுவது ஏமாற்று வேலை என்று சொல்லி அல்-ஷபாப் ஆயுதக்காரர்கள் பெண்களைச் சவுக்கால் அடித்ததாக ரொய்ட்டர் செய்தி வந்தது. போடு என்பதும் போடாதே என்பதும் ஆம்பிளைகளின் வாயில் இருந்தே வருகிறது. போடுகிற உடம்பு எங்கட உடம்பு.

போடாமல் இருக்கலாமா என்று நீங்க வொய்ஸ் மெசேஜில் சுற்றி வளைத்துக் கேட்டீங்க. தாராளமாக இருக்கலாம். மூத்தம்மா பிரா போட்டதே இல்லை. வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் சீலை, தலைக்கு முக்காடு. அந்தக் கோலத்தில்தான் நெல் அவித்தா, குத்தினா, பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தா. மறைக்க வேண்டியதைத் துணி மறைத்தது, அவ்வளவுதான். பிரா போடாவிட்டால் தொங்கிப் போகும் என்று சொல்வார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, மார்பு தளர்வதற்குக் காரணமாகக் கண்டது வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் பருமன், புகைத்தல் போன்றவற்றை. பால் கொடுத்தது காரணமில்லை என்றும் கண்டார்கள். பிரான்சில் ழான்-தெனி ரூய்யோன் என்ற பேராசிரியர் 15 வருடம் பெண்களை அளந்து பார்த்துவிட்டு, பிரா இல்லாததால் கெடுதி எதையும் காணவில்லை என்று 2013இல் சொன்னார். அளந்தது இளம் பெண்களை, எல்லாரும் கழற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை என்றும் அவரே சொன்னார். அது நேர்மை. உங்களைப் போல நாள்முழுக்கக் குனிந்து தைக்கிறவருக்கு, மார்பும் பாரமாக இருந்தால், தாங்கல் இல்லாமல் முதுகு நோகத்தான் செய்யும். வீட்டில் கழற்றிப் போடுங்க, மெசினுக்கு முன்னால் போடுங்க. வீட்டுக்குள் இருக்கிற மனுசிக்கு மாமி என்ன நினைப்பாவோ என்ற பயமும் வேண்டாம். எங்கட ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அது உங்கட வீடு.

பிரா போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதை அழித்துவிடுங்க. சியாட்டிலின் பிரெட் ஹட்சின்சன் ஆய்வு நிலையம் 2014இல் அதைப் பார்த்துவிட்டுத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட்டது. எங்கட நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் அதுதான் என்பது மட்டும் உண்மை. மாதம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்க, கட்டி தட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெட்கத்தில் கட்டியை மறைத்து வைத்து மௌத்தான எங்கட மாமி ஒருத்தியை மறந்துவிட வேண்டாம்.

இன்னொரு விசயம், காயப்போடுகிறது. சீலைக்கடியில் ஒளித்து, ஒருத்தர் கண்ணிலும் படாமல் காயப்போடுவோம், வெயிலும் படாது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது அரைகுறையாகக் காயும். அதையே போட்டுக்கொண்டு, மேலே கறுப்பு அபாயாவும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்தால் மார்புக்கடியில் பங்கசு வராமல் என்ன செய்யும்? பவுடர் கொட்டி ஆறாது. பருத்தியில், கம்பி இல்லாததாக எடுங்க, நாளுக்கொன்று மாற்றுங்க, கொல்லைப் பக்கம் வெயில் விழுகிற கொடியில் போடுங்க. பக்கத்து வளவுக்காரிக்கும் அது இருக்கிறதுதானே.

எடுக்கிற நேரம் கடைசிக் கொழுவியில் பட்டி சரியாக இருக்க வேண்டும். இழுபட இழுபட உள்கொழுவிக்கு வரலாம். பட்டிக்குள் இரண்டு விரல் போனால் போதும். மச்சான் கட்டாரில் இருந்து கொண்டுவந்த பெட்டியில் 75 என்று போட்டிருந்ததைக் கண்டு பயந்தீங்களாம். அது ஐரோப்பியக் கணக்கு, எங்கட 34தான்.

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். ஒரு மூலை, ஒரு திரை, டேப் பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை. இவ்வளவும் வைத்தால் கல்முனையில் உங்கள் கடைக்கு முன்னால் முச்சக்கர வண்டிகள் வரிசையில் நிற்கும். நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்வார்கள். செய்யவும் தொடங்கிவிட்டார்கள். மருதமுனையில் எனக்குத் தெரிந்த தங்கச்சி ஒருத்தி, கைத்தறிச் சீலை விற்கிற வீட்டறையிலேயே ஒரு பக்கம் திரை கட்டி, கொழும்பில் இருந்து பிரா கொண்டுவந்து விற்கிறாள். வருகிறவர்களை முதலில் அளக்கிறாள்; அளக்க விடாதவர்களுக்கு டேப்பைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறாள். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "38 வாங்க ஆளில்ல, லாத்தா. கொண்டுவந்த கட்டு அப்பிடியே கிடக்கு. 34 டீ தான் பத்துதில்ல."