தகரக் கூரையும் ஒரு கணக்கும்

காலி வீதியிலிருந்து டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் நடந்தால் பாமன்கடை வந்துவிடும். அங்கே ஓர் ஒழுங்கையின் கடைசியில், தகரக் கூரை அறையொன்றில், 2009க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா மூன்று பெண்களுடன் தையல் நடத்துகிறார். மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது.

"தங்கச்சி, தவணைக்கு ஏசி எடுக்கப் போறன். 18,000 பி.ரி.யூ. வேணுமெண்டு கடைக்காரர் சொல்லுறார்" என்றார்.

அவருடைய அளவுநாடாவை வாங்கி அளந்தேன். 12 அடிக்கு 10 அடி. இந்த அளவு அறைக்கு 5,000 போதும் என்பது பொதுக் கணக்கு. வெயில் படும் அறையென்றால் பத்திலொரு பங்கும், இருவருக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 600உம் கூட்ட வேண்டும். மொத்தம் 6,700.

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய பயண வீடுகளுக்கே 13,500 பூட்டுவார்கள். மெல்லிய கூரையும் சுவரும் வெயிலை உள்ளே விடுவதே காரணம். தகரமும் அப்படித்தான். ஆனால் தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிராக்கி நின்றுவிடும், ஈரத்தை இழுக்காது. துணியில் ஈரவாடை அடிக்கும். தவணையும் கூடும்.

"அக்கா, முதலில் கூரைக்கு வெள்ளை பூசி, கீழே சீலிங் அடிப்பம். பிறகு 9,000 காணும்" என்றேன். வீட்டுக்காரரிடம் இருவருமாகப் போய்க் கேட்டோம். சம்மதித்தார்.

சகோதரிகளே, தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்குமுன் அளவுநாடாவைக் கையில் எடுங்கள்.