பீனியா வழியே ஹாசன்

பெங்களூரிலிருந்து ஹாசனுக்குச் செல்லும் பெருவழி, நகரெல்லையைக் கடக்குமுன் பீனியாத் தொழிற்பேட்டையின் ஓரமாகச் செல்கிறது. சுமையுந்துகளின் நெரிசலும் இரைச்சலும் மிகுந்த அவ்விடத்தில் வண்டியை நிறுத்திக் காணத்தக்க காட்சி ஒன்றுமில்லை. ஆயினும், வீட்டுக் கூரையில் தட்டு மாட்டித் தமிழ் கேட்டு வாழும் நம் குடும்பங்கள் அவ்விடத்தைச் சற்றே நினைத்துச் செல்வது தகும்.

இந்தியாவின் முதற் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா, யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இப்பேட்டையின் எளிய கொட்டகைகளிலேதான் உருப்பெற்றது. 1975 ஏப்ரல் 19ஆம் நாள் சோவியத் ராக்கெட்டு அதனை விண்ணில் ஏற்றியது. பின்னர் 1981 ஜூனில் ஏவப்பட்ட ஆப்பிள் என்னும் செய்தித்தொடர்புக் கோளும் இத்தகைய கொட்டகைகளில் இரண்டே ஆண்டுகளில் அமைந்ததாகும். அதன் அலைவாங்கியைத் திறந்த வெளியில் ஆய்வு செய்ய முற்பட்டபோது, இரும்பு வண்டி அலைகளைக் குழப்பும் என்று கண்டு, மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்தினார்கள். அந்தப் புகைப்படத்தை அன்பர்கள் பலர் கண்டிருக்கலாம். அதனை ஏழ்மையின் சின்னமாகக் காட்டுவோர் உண்டு. எங்களுக்கோ அது நல்ல அறிவின் சின்னமாகவே தோன்றுகிறது.

அதற்கு முன்னரே, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கக் கோள் ஒன்றைக் கடன்பெற்று ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி அனுப்பினார்கள். கர்நாடகத்தின் வடபகுதிச் சிற்றூர்களும் அவற்றுள் அடங்கும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலையால் பத்தடி அகலத் தட்டுச் செய்து நட்டார்கள். இன்று இரண்டடித் தட்டு போதுமானதாகிவிட்டது. அதனால்தான் அதனை வண்டியிலும் கொண்டுசெல்ல முடிகிறது.

படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் அமைந்த கேரவன் வண்டிகள் இப்போது பெங்களூரில் வாடகைக்குக் கிடைக்கின்றன. 2023ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அத்தகைய வண்டி ஒன்றில் நாங்கள் எழுவர், எண்பத்திரண்டு வயதான எங்கள் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு, பேலூரும் ஹளேபீடும் காணப் புறப்பட்டோம். அம்மா ஒரேயொரு நிபந்தனை விதித்தார்கள்: “ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை தீபம். நான் எங்கே இருந்தாலும் ஆறு மணிக்கு அண்ணாமலையார் மலையைப் பார்க்க வேண்டும்.” எழுபது வயது வரை ஆண்டு தவறாமல் திருவண்ணாமலைக்குச் சென்று வந்தவர்கள் அவர்கள். முழங்கால் ஒத்துழையாமற் போனபின், வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அகல் ஏற்றி வைத்துக்கொண்டே கண்டு வருகிறார்கள்.

கைப்பேசி போதாதா என்று கேட்கலாம். மலைநாட்டுப் பக்கம் கைப்பேசிக் கோபுரத்தின் அலை வருவதும் மறைவதுமாக இருக்கும். தட்டுக்கோ வானம் மட்டும் போதும். நம்மவர்க்கு வேறொரு காரணமும் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரிப் பிணக்கு மூண்ட நாள்களில், கேபிள் வழியாக வந்த தமிழ் அலைவரிசைகள் இங்கே நிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அன்று தட்டு வைத்திருந்த வீடுகளில் தமிழ் ஒலித்தது. சற்றுத் தாழ்ந்த குரலில்தான் ஒலித்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இனி, செய்முறையைக் கூறுவோம். தூர்தர்ஷனின் கட்டணமில்லா ஒளிபரப்பு, 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 வழியாக வருகிறது. அது நிலநடுக்கோட்டின்மேல், கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாங்கள் கொண்டுசென்றதும் அத்திசையை நோக்கும் தட்டே. பெங்களூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 66 பாகை உயரத்தில் அமையும். ஹாசனில் 65 பாகை. லண்டனில் வாழும் நம் உறவினர் வீட்டுத் தட்டு 25 பாகை உயரத்தைத்தான் நோக்குகிறது. ஆதலின் அண்டை வீட்டுச் சுவரே அவர்களுக்குப் பகையாகிவிடும். நமக்குச் சுவரால் அத்துணைத் துன்பமில்லை. தலைக்குமேல் கவிந்த மரமே பகை. வெயிலுக்கு அஞ்சி வண்டியை மரநிழலில் நிறுத்துவோர் படம் காணமாட்டார்கள். ஆகவே தட்டை வண்டியின் கூரையில் இறுக்காமல் முக்காலி ஒன்றில் பொருத்தி, ஐம்பதடிக் கம்பியுடன் வெட்டவெளியில் வைப்பதே நலம். வண்டி நிழலில் இருக்க, தட்டு வெயிலில் காயட்டும். முக்காலியின் கால்களில் கல்லேற்றி வைக்காவிடில் காற்று அதனைத் திருப்பிவிடும்.

திசைகாட்டி இல்லாதவர்கள் ஊருக்குள் உள்ள கூரைகளை நோக்கினாலே போதும். ஒரே நிறுவனத்தின் தட்டுகள் யாவும் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்கும். அவ்வாறே நிறுத்தி, திரையில் அலையின் தரம் காட்டும் கோட்டைப் பார்த்துக்கொண்டே விரற்கடை விரற்கடையாக நகர்த்தவேண்டும். ஒருவர் உள்ளிருந்து குரல் கொடுக்க, மற்றொருவர் வெளியே திருப்புவது வழக்கம். எங்கள் வண்டியில் இது பிள்ளைகளின் உரிமையாகிவிட்டது. ஓடும் வண்டியில் காண்பதற்குத் தானே திரும்பும் தட்டுகள் உண்டு. விலை மிகுதி, ஓடும்போது சன்னலே போதும் என்பது எங்கள் கருத்து.

உயர்துல்லிய ஒளிபரப்பு வண்டிக்கு ஆடம்பரம் என்று கருதியிருந்தோர் எங்களுள் இருந்தனர். உண்மை வேறு. வண்டிக்குள் திரைக்கும் கண்ணுக்கும் இடையே நான்கடிதான் இருக்கும். பழைய முறைப் படத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் புள்ளிகள். உயர்துல்லியத்தில் இருபது இலட்சம். அவ்வளவு அருகில் பழைய படம் கலங்கித் தோன்றும். கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்க்கு இந்த வேற்றுமை பெரிது. அதற்குரிய பெட்டியும் கம்பியும் வேண்டும். சந்தாவும் சற்றுக் கூடும்.

குணிகல், சென்னராயபட்டணம் கடந்து ஹாசனை அடைந்தோம். 1982 முதல் இயங்கிவரும் இஸ்ரோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு நிலையம் இங்கே உள்ளது. நிலவும் ஞாயிறும் ஈர்ப்பதால் கோள்கள் தம் இடத்தினின்று மெல்ல விலகும். அவற்றை அவ்வப்போது உந்தித் தம்மிடத்தில் நிறுத்துவது இந்நிலையத்தாரின் கடமை. அவர்கள் ஓய்ந்தால் நம் கூரைத்தட்டு வெறும் வானத்தை நோக்கிக்கொண்டிருக்கும்.

ஞாயிறன்று, நவம்பர் 26, மாலையில் ஹாசனுக்கு வெளியே ஒரு காப்பித் தோட்டக்காரரின் களத்தில் இடம் கேட்டு வண்டியை நிறுத்தினோம். ஐந்து மணிக்கே படம் தெளிவாக வந்துவிட்டது. ஐந்தரைக்குக் கிழக்கே கருமேகம் திரண்டு மழை பிடித்தது. இவ்வகை அலைகளுக்கு மழைத்துளி தடை. படம் சதுரம் சதுரமாக உடைந்து, பின்பு அற்றுப்போயிற்று. தட்டின்மேல் குடை பிடித்துப் பயனில்லை, மேகத்திலிருந்து வரும் வழி முழுதும் மழைதானே. அம்மா ஒன்றும் பேசவில்லை. அகலில் எண்ணெய் வார்த்துத் திரியை நனைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மணி பார்த்த வண்ணம் இருந்தனர்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு மழை நகர்ந்தது. குரல் முதலில் வந்தது; பின் கூட்டம்; பின் மலை. திருவண்ணாமலை அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அச்சுடரின் படமோ விண்ணேறி இறங்கி 72,000 கிலோமீட்டர் கடந்து வந்தது. அம்மா கைகூப்பினார்கள். தோட்டக்காரரின் மனைவியார் தம் வாயிலில் கார்த்திகை விளக்கு வைத்துவிட்டு, ஆரவாரம் கேட்டு வண்டியின் படியருகே வந்து நின்றார். “பன்னி, ஒளகே பன்னி” என்று அம்மா அவரை அழைத்துத் தம் பக்கத்தில் அமர்த்தி, ஐம்பதாண்டுப் பெங்களூர்க் கன்னடத்தில், அந்தக் கொப்பரைக்கு எத்தனை முழம் திரி வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்கள்.