கொல்லிமலைக்கு ஆறு வாட் போதும்!

காரவள்ளியில் வண்டி மலையேறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பிப்போம். சோளக்காடு வருவதற்குள் 70 வளைவுகள். குளிர்காற்றை எல்லோரும் கவனிப்பார்கள். காதில் நடக்கும் மாற்றம்தான் பலருக்குத் தெரிவதில்லை. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லின் ஹாரன் சத்தம் கீழேயே நின்றுவிடும். மேலே போனால் இலை அசைவதுகூடக் கேட்கும்.

சோளக்காடு சந்தையில் பலா, அன்னாசி, மலைவாழை, மிளகு எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்காருங்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் பழைய பாட்டு ஓடினால், எதிர்ச்சாரி வரை வார்த்தை பிசகாமல் கேட்கும். சென்னையில் அதே ஸ்பீக்கர் பக்கத்து மேஜையையே தாண்டாது.

காரணம் சுற்றுப்புறச் சத்தம்தான். அது 20 டெசிபல் குறைந்தால், பாட்டு அதே தெளிவோடு கேட்க நூறில் ஒரு பங்கு சக்தி போதும். மலையில் வீடோ, தோட்டமோ, சின்ன தங்கும் விடுதியோ வைத்திருப்பவர்களுக்கு இது பணத்தை மிச்சப்படுத்தும் கணக்கு. ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்கள் '4440' என்று சொல்லும் ஐ.சி. போர்டு, 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடும். பக்கத்துக்குச் சுமார் 6 வாட் தரும். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.

சரி, அதற்கு எந்த ஸ்பீக்கர்?

இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்குச் செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்கையொட்டி விழாவும் உண்டு. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஓரியிடம் இருந்தது வல்வில். நம் ஆம்ப்ளிஃபயரோ சின்ன வில். வில் சின்னதென்றால் அம்பு தேர்ந்ததாக இருக்க வேண்டும். நமக்கு அம்பு, ஸ்பீக்கர்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை வாட்?' என்பதல்ல, 'சென்சிட்டிவிட்டி எவ்வளவு?' என்பதுதான். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்று சொல்லும் எண் அது. 3 டெசிபல் கூடினால், ஆம்ப்ளிஃபயர் சக்தியை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 84 டெசிபல் ஸ்பீக்கர் 24 வாட்டில் தரும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 6 வாட்டிலேயே தந்துவிடும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் 'பி.எம்.பி.ஓ.' வாட்டை நம்பாதீர்கள். 'ஆர்.எம்.எஸ்.' எண்ணை மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஓம். ஆம்ப்ளிஃபயர் 4 ஓம் தாங்குமா, 8 ஓம்தானா என்று பார்த்து வாங்குங்கள். 8 ஓமுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் மாட்டினால் அளவுக்கு மீறிச் சூடாகும். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். 4440 போர்டுக்கு அவை பொருந்தும், பழையதாகவும் கிடைக்கும்.

மலையில் பனியும் ஈரமும் அதிகம். காகிதக் கோன் ஈரத்தில் தளர்ந்துபோகும். ஸ்பாஞ்ச் விளிம்பு சில வருடங்களில் பொடியாக உதிரும். பிளாஸ்டிக் கோனும் ரப்பர் விளிம்பும் உழைக்கும்.

வெறும் ஸ்பீக்கரை ஆணியில் மாட்டினால், முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் மோதி 'பாஸ்' காணாமல் போகும். ஒரு பிளைவுட் பெட்டி போதும். யாழுக்குப் பத்தர் போல, ஸ்பீக்கருக்குப் பெட்டி. அதைச் சுவரை ஒட்டி வைத்தால் செலவில்லாமல் பாஸ் கூடும். வாங்குமுன், நாதஸ்வரமும் தவிலும் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் காதில் விழுந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கடைசி வரை திருகினால் ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்பே ட்வீட்டரை எரித்துவிடும். பாதிக்குமேல் திருக வேண்டியிருந்தால் ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள். திறந்தவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும்.

சுற்றுலா போகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகிறோம். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் இரைச்சல் காதுக்கு வந்துவிடும். கையில் ப்ளூடூத் ஸ்பீக்கர் அலறினால் அது கேட்குமா? திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்பது சட்டம். பகலில் அளவாகக் கேட்பது, அங்கேயே வாழும் மக்களுக்கு நாம் தரும் மரியாதை. ஆறு வாட்டே போதும் என்கிற அமைதி எல்லா ஊருக்கும் வாய்த்துவிடவில்லை. கொல்லிமலைக்கு வாய்த்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் இறங்கி வருவோம்.