போதும் என்று யார் சொல்வது?

"பேஸ்பால் ஆட்டத்துக்கும் நம் அடுப்படிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஒரு காலத்தில் நானும் அப்படிக் கேட்டவள்தான். கிரிக்கெட்டே எனக்கு அரைகுறை. ஆனால் கெய் இகாவா என்ற ஜப்பானியப் பந்து வீச்சாளரை விட்டுவிட்டு என் பிள்ளை வளர்ந்த கதையை என்னால் சொல்ல முடியாது. இளம் தாய்மார்களுக்கு உபயோகப்படட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

திருச்சியில் நான் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேராவது "வணக்கம் டீச்சர்" என்பார்கள். 2008-இல் என் கணவருக்கு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை கிடைத்தது. ஏழு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வரும் மனைவி விசா எனக்கு. அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஒரே நாளில் டீச்சரம்மா போய், வெறும் அம்மா ஆனேன். குளிர்காலத்தில் தோசை மாவுகூடப் புளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதே அரிசி, அதே உளுந்து, அரைத்ததும் அதே கைதான். ஊர் மாறியதும் எல்லாமே வீம்பு பண்ணின.

பையன் மட்டும் சந்தோஷமாக இருந்தான். ஒன்பது வயசில் குழந்தைகள் பேஸ்பால் குழு ஒன்றில் சேர்ந்தான். ஓடுவதிலும் பிடிப்பதிலும் அவனுக்கு மனசு இல்லை. "பிட்ச்சர்" ஆக வேண்டும், அதாவது மட்டைக்காரனுக்குப் பந்து போடுகிறவன். மைதானத்தின் நடுவில் மண்மேட்டின்மேல் தனியாக நிற்பவன் அவன்தான். பந்து தரையில் பட்டு எழும்பக் கூடாது. 17 அங்குல அகலமுள்ள ஒரு தட்டுக்கு மேலே, மட்டைக்காரனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே, நேராகப் போக வேண்டும். அவன் மட்டையை வீசாதபோது நாலு பந்து தப்பிப் போனால், ஆடாமலேயே முதல் இடத்துக்கு நடந்து போய்விடுவான்.

2011 வசந்தத்தில் ஓர் ஆட்டம். என் பையன் மூன்று பேரை வரிசையாக அப்படி நடக்க விட்டான். பயிற்சியாளர் வந்து தோளைத் தட்டி, பந்தை வாங்கிக்கொண்டு, மைதானத்தின் கோடிக்கு அனுப்பிவிட்டார். அவன் அழவில்லை. எனக்குத்தான் மானம் போன மாதிரி இருந்தது. காரில் ஏறியதும் வாயைத் திறந்தேன்.

"பத்துப் பந்தை நேராப் போடத் தெரியல. உனக்கு எதுக்குடா இந்த ஆட்டம்? போதும், நிறுத்திட்டுக் கணக்கைப் படி!"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "விடு, சின்னப் பையன்" என்றார் என் கணவர். நான் விடவில்லை. வீடு வரும் வரையில் பேசிக்கொண்டே வந்தேன். இன்று யோசித்தால், அந்தக் கோபம் அவன் மேல் இல்லை என்று தெரிகிறது. என்னிடமிருந்து யாரோ பந்தை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்ன கோபம் அது. பாவம், குழந்தை தலையில் கொட்டினேன்.

மறுநாளிலிருந்து சாயங்காலமானால் கார் ஷெட் சுவரில் "தொம், தொம்" என்று சத்தம். பையன் சுவரில் சாக்கட்டியால் கட்டம் போட்டுப் பந்தை வீசிக்கொண்டிருந்தான். 'ரோஷம் வந்துவிட்டது, நல்லதுதான்' என்று நான் உள்ளே சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பந்து என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நாலு வாரம் கழிந்தது. ஒருநாள் ரசம் சாதத்தை இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். "என்னடா புதுப் பழக்கம்?" என்றேன். "சும்மா" என்றான். அடுத்த நாள் தலை வாரும்போது வலது கை மேலே போகவில்லை. தொட்டுப் பார்த்தேன். முழங்கையின் உள்பக்கம் லேசாக வீங்கியிருந்தது. விரல் பட்டதும் "அம்மா!" என்று துடித்துப் போனான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வளரும் குழந்தைகளின் எலும்பு நுனியில் மெத்தென்று ஒரு வளர்ச்சிப் பகுதி இருக்கிறதாம். அங்கிருந்துதான் எலும்பு நீளுகிறது. பெரியவர்களுக்கு அது கெட்டியாகிவிடும். குழந்தைகளுக்கு அதுதான் பலவீனமான இடம். ஒவ்வொரு தடவை பந்தை வீசும்போதும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. ஓய்வு இல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் புண்ணாகிறது. கவனிக்காமல் விட்டால் அந்தத் துண்டு பிரிந்து விலகக்கூட இடம் உண்டு. "நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை. ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது. ஓய்வுதான் மருந்து" என்றார்.

பிறகு பையனிடம், "தினம் எத்தனை பந்து போடுவாய்?" என்று கேட்டார். தலையைக் குனிந்தபடி, "நூற்றைம்பது" என்றான்.

அமெரிக்காவில் லிட்டில் லீக் என்ற குழந்தைகள் அமைப்பு 2007 முதல் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. 9, 10 வயசுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் வீசக் கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் அடுத்த நாலு நாள் வீசாமல் இருக்க வேண்டும். ஆட்டத்தில் அதை எண்ணுவதற்கு ஆள் உண்டு. வீட்டுச் சுவரில் எறிவதை யார் எண்ணுவது? நான் கணக்கு டீச்சர். அந்தக் கணக்கை மட்டும் வைக்கவில்லை.

அன்று இரவு திருச்சிக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதேன். அம்மா எனக்குப் பரிந்து பேசவில்லை. "நீ பட்டதுக்கெல்லாம் அவன் பதில் சொல்லணுமாடீ? முதல்ல அவனை எங்கேயாவது வெளியில கூட்டிட்டுப் போ" என்றாள்.

அப்படித்தான் டிரென்டன் நகரத்து மைதானத்துக்குப் போனோம். டெலாவேர் ஆற்றங்கரையில் அழகான சின்ன மைதானம். யாங்கீஸ் என்ற பெரிய நியூயார்க் குழுவுக்கு அப்போது அது பயிற்சிப் பள்ளி மாதிரி. இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் அங்கே ஆடித் தேறி, மேலே போகக் காத்திருப்பார்கள். கீழே போட்ட மட்டையைப் பொன்னிற நாய் ஒன்று ஓடி வந்து கவ்விக்கொண்டு போகும். பையன் பல நாள் கழித்துச் சிரித்தான்.

அந்தப் பையன்களுக்கு நடுவில் முப்பது வயசு தாண்டிய ஒருவர். அவர்தான் இகாவா.

அவர் கதையை என் கணவர் சொன்னார். ஜப்பானில் ஹன்ஷின் டைகர்ஸ் குழுவின் நட்சத்திரம். இடது கை. 2003-இல் 20 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்து, அந்த லீகிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். 2006 கடைசியில், அவரோடு பேசும் உரிமைக்கு மட்டும் யாங்கீஸ் ஜப்பானியக் குழுவுக்குக் கொடுக்க முன்வந்த தொகை 2,60,00,194 டாலர். கடைசியில் வரும் 194, அந்த வருஷம் அவர் 'ஸ்ட்ரைக் அவுட்' செய்த மட்டைக்காரர்களின் எண்ணிக்கை! அது போக அவருக்கு ஐந்து வருஷத்துக்கு 2 கோடி டாலர் சம்பளம்.

இவ்வளவு ஆரவாரமாக வந்தவருக்கு இங்கே எதுவும் ஒத்துவரவில்லை. ஜப்பானியப் பந்து கொஞ்சம் சின்னது, கையில் ஒட்டும். அமெரிக்கப் பந்து வழவழப்பு. இந்த டெலாவேர்ப் பக்கத்து ஆற்றுச் சேற்றை எடுத்துத் தேய்த்துத்தான் ஆட்டத்துக்கே கொண்டுவருகிறார்கள். அங்கே வாரத்துக்கு ஒரு தடவை வீசினால் போதும். இங்கே ஐந்து நாளுக்கு ஒரு தடவை. 2007 ஏப்ரலில் அவருடைய முதல் ஆட்டத்தில் எதிரணி 7 ரன் எடுத்துவிட்டது. அதே மாதக் கடைசியில் ஒரு நாள், ஆட்டம் தொடங்கியதுமே சக வீச்சாளர் காலில் பந்து பட்டு எலும்பு முறிந்தது. இகாவாவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். பரம எதிரியான பாஸ்டன் குழுவுக்கு ஆறு சுற்று வரை ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஜெயித்துக் கொடுத்தார். 'இனிமேல் கவலையில்லை' என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த மாதமே கீழே அனுப்பிவிட்டார்கள். 2008-இல் இரண்டே ஆட்டம். பிறகு பெயர்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அந்த 2008-இலேயே கீழ்நிலைக் குழுவில் 14 ஆட்டங்களை ஜெயித்தார். மேலே கூப்பிடவில்லை. 'ஜப்பானுக்கே போய்விடுங்கள்' என்று யாங்கீஸ் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். நியூயார்க்கில் வீடு வைத்துக்கொண்டு, சின்ன ஊர் மைதானங்களுக்குத் தானே கார் ஓட்டி வந்து போவார் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர், "இந்த ஆளுக்கு வருஷம் நாற்பது லட்சம் டாலர்!" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. திருச்சியில் டீச்சர், இங்கே சும்மா இருப்பவள் என்று என்னைச் சொன்ன மாதிரி இருந்தது.

"ஏங்க, இவ்வளவு அவமானத்தைத் தாங்கிக்கிட்டு இவர் ஏன் இங்கே இருக்கணும்? சொந்த ஊருக்குப் போனா ராஜா மாதிரி இருக்கலாமே?" என்றேன்.

என் கணவர் பதில் சொல்வதற்குள் பையன் சொன்னான். கண் மைதானத்திலேயே இருந்தது.

"அவருக்கு இன்னும் போதும்னு தோணலம்மா."

எத்தனையோ வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் எனக்குச் சரியான விடை சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு விடை நெஞ்சில் தைத்ததில்லை. காரில் நான் "போதும்" என்று கத்தினேனே, அதைச் சொல்ல நான் யார்? ஆசை அவனுடையது. நான் அதை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்த வேண்டிய வலியைப் பார்க்காமல் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்!

திரும்பும்போது, "அன்னிக்கு அம்மா பேசினது தப்புடா கண்ணா" என்றேன். அவன் வலிக்கிற கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், அதற்கு மேல் பேசவில்லை.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் அனுமதி கொடுத்தார். ஃபிரிட்ஜ் கதவில் நோட்டுத் தாள் ஒன்றை ஒட்டினேன். பந்து போடுவது அவன் வேலை, எண்ணி எழுதுவது என் வேலை. முதல் வாரம் இருபது, அடுத்த வாரம் முப்பது. முழங்கையோ தோளோ லேசாக வலித்தாலும் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டும், திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன். குழந்தைகள் வலியை மறைப்பது பெரும்பாலும் நம் வாய்க்குப் பயந்துதான்.

இகாவா மறுபடி பெரிய லீகுக்குப் போனாரா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும் வரை காத்திருந்தார். கூப்பிடவே இல்லை. 2012-இல் ஜப்பானுக்குத் திரும்பி ஓரிக்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கேயும் பழைய கீர்த்தி திரும்பவில்லை. பணத்துக்காகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் சிரிக்கிற கூட்டத்துக்கு முன்னால் முறை வரும்போதெல்லாம் வந்து நிற்கப் பணம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. முயற்சி திருவினையாக்கும் என்பது நிஜம்தான். எல்லாருக்கும் ஆக்குவதில்லை என்பதும் நிஜம்தான். அதனால் முயன்றவர் முட்டாளாகிவிட மாட்டார்.

என் பையன் இன்னும் மூன்று வருஷம் பந்து வீசினான். சுமார்தான். பதின்மூன்று வயசில் ஒருநாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, "போதும்மா, இனிமே நீச்சல் போறேன்" என்றான். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அந்த "போதும்" அவனுடையது.

நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சமையலறை மேஜையில் உட்கார வைத்து, பைசா வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். 2015-இல் விதி மாறி, கிரீன் கார்டுக்குக் காத்திருந்த என் போன்ற மனைவிமார்களுக்கு வேலை பார்க்க அனுமதி வந்தது. பிறகு ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை ஆனேன். திருச்சி டீச்சர் அந்தஸ்து இல்லை. ஆனால் கரும்பலகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இளம் தாய்மார்களே, உங்கள் பிள்ளை பந்து போடலாம், பாட்டுப் படிக்கலாம், பரதம் ஆடலாம். உடம்பு வலிக்கிறது என்றால் "போதும்" என்று உடனே சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டியது தாய்தான். ஆசைக்குப் போதும் சொல்வதை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

அந்த ஃபிரிட்ஜ் தாள் இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.